எனக்கு முன்னால் யார் பார்த்தார்கள்?

மலேசியாவின் திரங்கானு கடற்கரையில் ஒரு சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த வரிசைப்படிதான் நோயாளியிடம் கேள்வி கேட்பேன். எத்தனை நாளாகக் காய்ச்சல், வாந்தி உண்டா, சிறுநீர் போகிறதா. சில மாதங்களில் வரிசை மாறிவிட்டது. 'எனக்கு முன்னால் யார் பார்த்தார்கள்?' என்பது முதல் கேள்வியாகிவிட்டது. அதைக் குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் 'யாரும் பார்க்கவில்லை' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சும்மா விசாரிக்கிற மாதிரி கேட்டால் சொல்வார்கள். பிரசவம் பார்க்கும் பாட்டி பார்த்தார் என்றால் நோய் ஒரு பக்கம் இருக்கும். உடம்பு உருவிவிடுகிறவர் பார்த்தார் என்றால் இன்னொரு பக்கம். போமோ என்கிற மந்திர வைத்தியர் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார் என்றால் லேண்ட் ரோவர் டிரைவரை எழுப்பச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவேன்.

நான் டாக்டர் இல்லை. மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளன்; தோட்டத்துத் தமிழர்கள் 'டிரெசர்' என்று சொல்கிற ஆள். அந்த ஊரில் என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். திருத்திப் பார்த்து அலுத்து விட்டுவிட்டேன். பிறந்தது கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டம். 1978-ல் கிழக்குக்கரைக்கு மாற்றல் வந்தபோது, கோலத் திரங்கானுவுக்கு வடக்கே அப்படியொரு ஊர் இருப்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூட மலாயை வைத்துக்கொண்டு போனேன். அங்கே 'ஈக்கான்' எல்லாம் 'ஈக்காங்' ஆகியிருந்தது. பாதிப் பேச்சு புரியவே இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

மீனவனுக்குத் தலைவலி வந்தாலும் ஹந்து என்கிற ஆவியின் மேல்தான் பழி போடுவான் என்று மேற்குக்கரை அலுவலகங்களில் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பார்த்தது அப்படி இல்லை. காய்ச்சலுக்குக் கடையில் பனடோல். இடுப்புப் பிடிப்புக்கு உருவிவிடும் கிழவி. மற்ற பெரும்பாலான கோளாறுகளுக்குச் சூடு, குளிர்ச்சி என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவள் எதைத் தொடக் கூடாது என்று அவர்கள் சொன்ன பட்டியலை என் அம்மாவிடம் சொன்னேன். 'சரியாகத்தானே சொல்கிறார்கள்' என்றார். மாராங்குக்குத் தெற்கே மெர்ச்சாங்கில் எழுபதுகளின் நடுவில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் கேரல் லேடர்மேனின் புத்தகம் பல வருடம் கழித்துக் கைக்கு வந்தது. நோய்களில் பெரும்பகுதியை அந்த மக்கள் சாதாரண நோய் என்றே கொள்கிறார்கள், ஆவிகளுக்கு விடுவது கொஞ்சம்தான் என்று அவரும் எழுதியிருந்தார்.

நோய் தன் வழக்கப்படி நடக்காதபோதுதான் ஹந்துவின் பேச்சு எழும். மருந்துக்கு இறங்காத காய்ச்சல். நேற்றுவரை சாதுவாக இருந்த பெண் இன்றைக்கு மாமியாரை ஆண்குரலில் திட்டுவது. கண் மேலே செருகுவது. காரணமில்லாமல் அழுகை. இப்படி ஏதாவது வந்தால் வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள்: எங்கே போனான், எந்த நேரத்தில் போனான், எதை மிதித்தான்?

அந்தக் கேள்விக்கு அங்கே இடங்கள் நிறைய. ஆற்று முகத்துவாரம், முனை, கடலுக்குள் தனியாக நிற்கும் பாறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் உண்டு. அந்தி சாயும் மகரிப் நேரத்தில் பிள்ளைகளைக் கரையிலிருந்து வீட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். கடலில் இருக்கும்போது வாயில் வரக் கூடாத பெயர்கள் இருந்தன. வெள்ளிக்கிழமை படகு இறங்காது. முன்காலத்தில் எருமை வெட்டிக் கடலுக்குப் படையல் போடும் பூஜா பந்தாய் நடந்ததை வயதானவர்கள் சொல்வார்கள். இணைவைப்பு என்று மார்க்க அறிஞர்கள் எதிர்த்து, நான் போவதற்கு முன்பே அது நின்றுவிட்டது. படையலுக்குப் பழகியவை இப்போது பசியோடு திரிகின்றன என்று ஒரு கிழவர் என்னிடம் சர்வ சாதாரணமாகச் சொன்னார். ஐந்து வேளை தொழுகிறவர். ஜின்கள் இருப்பதாகக் குர்ஆனே சொல்லும்போது அவருக்கு இதில் முரண் ஒன்றும் தெரியவில்லை.

நவம்பரில் தெங்குஜோ மழை தொடங்கினால் பிப்ரவரி வரை கடல் கிடையாது. ஆண்கள் எல்லாரும் வீட்டில். மீன் முதலாளியிடம் கடன் ஏறும். வலை பழுதுபார்ப்பதைத் தவிர வேலை இல்லை. 'பிடித்துக்கொண்டது' என்று என்னிடம் வந்தவர்களில் பலர் அந்த மாதங்களில்தான் வந்தார்கள். மழைக்காலத்தில் ஜின்கள் கரைக்கு ஒதுங்கும் என்பது ஊர்க் கணக்கு. எனக்கு வேறு கணக்கு. இரண்டுக்கும் விடை ஒன்றாகவே வந்ததால் நான் வாதிடவில்லை.

அந்த வட்டாரத்து போமோவை ஊரே 'பாக் சூ' என்று கூப்பிடும். சின்ன மாமா என்கிற மாதிரி. பகலில் படகுக்குச் சுண்ணாம்பும் தாரும் அடிப்பார். ராத்திரியில் நோய் பார்ப்பார். நெல்பொரியைக் கைநிறைய அள்ளித் தலையணைமேல் போட்டு, இரண்டிரண்டாக ஒதுக்கி மண், காற்று, நெருப்பு, தண்ணீர் என்று எண்ணிக்கொண்டு போவார். எதில் முடிகிறதோ அதிலிருந்து நோயின் வழி பிடிபடும். அதற்கும் முன்னால் அவர் இன்னொன்று செய்வார். அதைப் பலரும் கவனிக்க மாட்டார்கள். நோயாளியின் கால் பக்கத்தில் உட்கார்ந்து, பாதத்திலிருந்து முழங்கால்வரை மெல்ல அழுத்திப் பார்ப்பார். பெருவிரலைப் பிடித்து இழுப்பார். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் போய் மூச்சை மோப்பம் பிடிப்பார். ஸ்டெதாஸ்கோப் ஒன்றுதான் பாக்கி.

ஒரு நாள் விடியற்காலையில் அவரே என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார். எட்டு மாதக் கர்ப்பிணி, முதல் பிள்ளை, ராத்திரி இரண்டு முறை வெட்டு வந்திருக்கிறது. முகத்துவாரத்து ஹந்து என்று வீட்டில் முடிவுகட்டி, சாம்பிராணி போட்டு அவரை அழைத்திருக்கிறார்கள். அவர் காலை அழுத்தியிருக்கிறார். விரல் பதிந்த குழி எழும்பவில்லை. "இது என் பங்கு இல்லை டாக்டர், உங்கள் பங்கு" என்றார். போய்ப் பார்த்தேன். ரத்த அழுத்தம் 180-க்கு 120. சிறுநீரைச் சோதனைக் குழாயில் காய்ச்சினால் முட்டை வெள்ளைக்கருவாக உறைந்தது. டயாசிபாம் ஏற்றி, நாக்கைக் கடிக்காமல் இருக்க வாயில் அடைப்பு வைத்து, லேண்ட் ரோவரில் போட்டுக்கொண்டு கோலத் திரங்கானு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். கிளம்பும் முன் பாக் சூ ஒரு கறுப்பு நூலை அவள் மணிக்கட்டில் கட்டினார். நான் ஊசி ஏற்றிய கையை விட்டுவிட்டு மறு கையில் கட்டினார். அந்த விவரம் தெரிந்த மனுஷன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. எங்கள் இரண்டு பேருக்கும் பெயர் கிடைத்தது, பாக் சூவுக்குக் கூடுதலாக.

இப்படி 'பிடித்தது' என்ற பெயரில் என் மேசைக்கு வந்தவை பல தினுசு. வலிப்பு நோய், மூளைக்கு ஏறிய மலேரியா, மூளைக்காய்ச்சல், பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் சித்தக் கலக்கம். பெலாங்காஸ் என்கிற குதிரைலாட நண்டின் முட்டையைத் தின்று உதடு மரத்து, கை கால் விழுந்து, நினைவு மட்டும் தெளிவாக இருந்த ஒருவனையும் கொண்டுவந்தார்கள். யாரோ மார்மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரிக்கிறார்கள் என்று அவனே சொல்லியிருந்தான். அந்த விஷத்துக்கு முறிவு கிடையாது. மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், விஷம் தானாக இறங்கும்வரை. நானும் நர்சும் மாறி மாறி அமுக்கினோம்.

இவையெல்லாம் என் பங்கு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பங்கு பிரிக்க முடியாதவையும் வந்தன.

நான் போன வருடம்தான் பீடோங் தீவில் வியட்நாம் அகதிகளுக்கு முகாம் திறந்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள அந்தத் தீவில் 1979-ன் நடுவில் 40,000 பேர்வரை அடைந்து கிடந்தார்கள். வந்து சேர்ந்தவர்களின் கதை ஊருக்குத் தெரியும். வந்து சேராதவர்களை எங்கள் கரைக்காரர்கள் பார்த்தார்கள். படகு கவிழ்ந்தால் இரண்டு மூன்று நாளில் உடல்கள் ஒதுங்கும். சில, வலையில் ஏறும். போலீஸ்காரர்களோடு நானும் போவேன். கொஞ்ச காலம் ஊரில் பலர் மீன் தின்பதையே நிறுத்திவிட்டார்கள். மீன் பிடித்து விற்கிற ஊரில்.

வலையை இழுத்தபோது ஒரு பெண்ணின் உடலைக் கையால் தொட்டுவிட்ட இளைஞன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். தூக்கம் இல்லை. கையைத் திரும்பத் திரும்பக் கழுவினான். படகுப் பக்கம் போனால் உடம்பு நடுங்கியது. பிணத்திலிருந்து ஏறும் 'பாடி' என்றார்கள். செத்த உடம்பிலிருந்தும், கொன்ற மிருகத்திலிருந்தும் வெளிப்பட்டு, தொட்டவனைப் பற்றிக்கொள்ளும் ஒருவகைத் தீங்கு அது. நான் காய்ச்சல் பார்த்தேன், நாடி பார்த்தேன், தூக்க மாத்திரை கொடுத்தேன். தூங்கினான், எழுந்ததும் கையைக் கழுவினான். பாக் சூ அவனைக் கரையில் நிறுத்தி, எலுமிச்சை நறுக்கிப் போட்ட தண்ணீரைத் தலையிலிருந்து கால்வரை ஊற்றி, உச்சியிலிருந்து விரல்நுனிவரை தடவித் தடவிக் கடல் பக்கம் உதறினார். அன்று அந்தப் படகில் இருந்த எல்லாரையும் வரச்சொல்லிப் பக்கத்தில் நிற்க வைத்தார். என் கண்ணுக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். அதுவரை அந்தப் பையன் மட்டும்தான் நோயாளி; அன்றைக்குப் படகே நோயாளி ஆயிற்று. மற்ற மூன்று பேருக்கும் தூக்கம் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கு மனநல மருத்துவர்கள் இதற்கு வேறு பெயர் வைத்து, குழுவாக உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள். பையன் வாரங்கள் கழித்துக் கடலுக்குப் போனான். இரவு மீன்பிடிக்கு மட்டும் கடைசிவரை போகவில்லை என்று கேள்வி.

எண்பதுகளில் கிளந்தான் எல்லைக்குப் பக்கத்தில் வேறு ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். ஆவிகளை இறக்கி நோய் தீர்க்கும் சடங்கான மாயின் தெரியை, அதாவது மாயின் புத்ரியை, முழுதாகப் பார்த்தது அங்கேதான். நோயாளி ஒரு ஜூரு செலாம்.

ஜூரு செலாம் யார் என்று சொன்னால்தான் விஷயம் புரியும். நாலைந்து படகுகள் சேர்ந்து போடும் பெரிய தூக்குவலைக்கு அவர்தான் தலைவர். தென்னங்கீற்று கட்டிய ஊஞ்சாம்களைக் கடலில் நட்டுவைத்து, அதன் நிழலுக்கு மீன் கூடியிருக்கிறதா என்று பார்க்க அவர் மட்டும் சின்னப் படகில் போவார். விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, தலையை முக்கி, மீனின் சத்தத்தைக் கேட்பார். எந்த மீன், எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காதாலேயே சொல்லிவிடுவார். கூட்டத்தின் வருமானம் அந்தக் காதில் தொங்கிக்கொண்டிருந்தது. வலைக்கும் படகுக்கும் செய்ய வேண்டிய சடங்குகளும் அவர் பொறுப்பு. 1939, 40-ல் பாச்சோக் பக்கம் பெருப்போக்கில் வாழ்ந்து இந்த மீனவர்களைப் பற்றி எழுதிய ரேமண்ட் ஃபர்த், ஜூரு செலாம்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார். நான் போனபோது அந்தத் தொழில் முடியும் தறுவாயில் இருந்தது. சுருக்குவலைப் படகுகள் வந்துவிட்டன. மீன் எங்கே என்று திரையில் காட்டும் கருவி வந்துவிட்டது.

என்னிடம் வந்தவருக்கு அறுபதுக்கு மேல். சோறு இறங்கவில்லை. நெஞ்சு அடைக்கிறது, உடம்பெல்லாம் காற்று ஓடுகிறது என்றார். பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். கோத்தா பாரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எக்ஸ்ரே, இ.சி.ஜி., ரத்தம் எல்லாம் பார்த்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கையில் நான் சொன்னதற்கெல்லாம் தலையை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கேட்டார். ஓட்டோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். இடது செவிப்பறையில் பழைய ஓட்டை, ஓரம் தடித்து வெளுத்துப் போயிருந்தது. வலதில் தழும்பு. ஆயுள் முழுக்கத் தண்ணீருக்குள் தலையை முக்கிய காது. "எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை, பாக் சிக்?" என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டு, "மகனிடம் சொல்லாதீர்கள்" என்றார்.

அந்தக் காதுக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆஸ்பத்திரியிலும் இல்லை.

வீட்டார் மாயின் தெரிக்கு ஏற்பாடு செய்தார்கள். மூன்று இரவு. முற்றத்தில் பந்தல் போட்டு, ஓலைப்பாய் விரித்து, ரெபாப் என்கிற நரம்பிசைக் கருவி, முழவுகள், கோங் எல்லாம் வந்து இறங்கின. ரெபாபை வாசித்துக்கொண்டே பாடுகிறவர் மிண்டுக். அவருக்கு எதிரே உட்காருபவர் தோக் தெரி. ஆவிகள் ஒவ்வொன்றாக இறங்குவது அவர்மேல். சாம்பிராணிப் புகையில் அவர் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. பிறகு வட்டமாகச் சுழன்றது. அவிழ்ந்த முடி தரையைத் துடைத்தது. தாளம் நெருங்க நெருங்க எனக்கு முதுகுத்தண்டில் குளிர் ஓடியது. எங்கள் தோட்டத்து முனீஸ்வரன் திருவிழாவில் உடுக்கை அடிக்கும்போது பூசாரிக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மந்திரப் பாட்டுக்குள் பெத்தாரா குரு என்று சிவபெருமான் பெயரும் வந்து போனபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆனால் எங்கள் சாமியாட்டத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. சிரிப்பு. இறங்கிய ஒவ்வொரு ஆவியையும் மிண்டுக் குறுக்குக் கேள்வி கேட்டார். ஆவி ஏடாகூடமாகப் பதில் சொன்னது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கிழட்டு ஆவி வந்து, இந்த வீட்டில் படகை விற்கப் பேரம் நடக்கிறது, கேட்க வேண்டியவரிடம் யாரும் கேட்கவில்லை என்று முனகியது. சிரிப்பு நின்றது. மூத்த மகன் தலையைக் குனிந்துகொண்டான். முதலாளியிடம் வாங்கிய முன்பணம், மாப்பிள்ளை கெர்த்தே எண்ணெய்க் கம்பெனி வேலைக்குப் போனது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்தக் குடும்பத்தில் எந்த மனிதனும் சொல்ல முடியாததை ஆவி சொல்லிவிட்டுப் போயிற்று. யாரும் அதனோடு சண்டை போட முடியாது.

மனிதர் எல்லாருக்கும் உள்ளே ஒரு காற்று, ஆங்கின், பிறவியிலேயே இருக்கிறது என்பது இந்த வைத்தியத்தின் அடிப்படை. தொழிலிலும் கலையிலும் அது வெளியே போய்க்கொண்டிருந்தால் ஆரோக்கியம். அடைபட்டால் நோய், ஹந்து நுழைவதும் அந்த ஆளுக்குள்தான். இரண்டாம் இரவு அவருடைய காற்றுக்கான பாட்டைத் தேடினார்கள். அரசகுமாரன் தேவா மூடாவின் பாட்டுக்கு அவர் அசையவில்லை. புலிக்கான பாட்டுக்கும் அசையவில்லை. சிலாட் சண்டைக்கலையின் தாளம் வந்ததும் தோள் குலுங்கியது. எழுந்தார். சோறு இறங்காத அந்தக் கிழவர் பாயில் அடவு வைத்து, கை வீசி, முழங்காலில் தாழ்ந்து எழுந்ததை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பையில் டிகாக்சின் இருக்கிறதா என்று என் கை தேடியது. கால் மணி நேரம் ஆடியிருப்பார். பிறகு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காது கேட்கவில்லை, அழுத்தம் இறங்கவில்லை, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை. சாப்பாடு இறங்கியது. ஊஞ்சாம் கட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்து இளைஞர்களைத் திட்டத் தொடங்கினார். படகு விற்கப்பட்டது, விலையை அவர் பேசினார்.

1990-ல் கிளந்தானில் பாஸ் என்கிற இஸ்லாமியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டே மாக் யோங் என்கிற ஆடல் நாடகத்தோடு மாயின் புத்ரிக்கும் தடை. 2005-ல் மாக் யோங்கை யுனெஸ்கோ மானுடத்தின் கலைச்செல்வம் என்று அறிவித்தபோதும், அது வேரூன்றிய மாநிலத்தில் பொதுவில் ஆட முடியவில்லை. 2019-ல்தான் நிபந்தனைகளோடு தளர்த்தினார்கள். உட்கிராமங்களில் ராத்திரிகளில் ரெபாப் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆள் குறைந்தது. இடத்தை நிரப்பியது ருக்யா. குர்ஆன் வசனம் ஓதி, தண்ணீரில் ஊதி, உள்ளே இருக்கும் ஜின்னுக்கு வெளியேறக் கட்டளை போடும் முறை. ஹாரோன் டின் பாங்கியில் தொடங்கிய டாருஷிஃபா என்கிற ருக்யா நிலையத்தில் பயின்ற உஸ்தாதுகள் சிலரோடு எனக்கு நல்ல பழக்கம். காசுக்கு அலையாதவர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயங்காதவர்கள். இருந்தாலும் என் கட்சி மாயின் தெரிதான். அதில் நோயாளி எழுந்து ஆடுவான்; குடும்பம் உட்கார்ந்து கேட்கும். ருக்யாவில் நோயாளி படுத்திருக்கிறான். பேச்செல்லாம் உஸ்தாதுக்கும் ஜின்னுக்கும் நடுவில். ஜின் என்ன குறை சொல்கிறது என்று யாரும் நின்று கேட்பதில்லை. 2016-ல் கோத்தா பாரு, பெங்கலான் செப்பாவில் ஒரு இடைநிலைப் பள்ளி மாணவிகளும் ஆசிரியைகளும் கறுப்பு உருவத்தைக் கண்டு அலறி, பள்ளியையே மூடியபோதும் முதலில் கூப்பிட்டது ஓதுகிறவர்களைத்தான். அந்தப் பெண்கள் எதைச் சொல்ல வந்தார்கள் என்று விசாரித்தவர்கள் யாரும் இருந்ததாக என் காதில் விழவில்லை.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேறு தினுசு ஆரம்பித்தது. இருபது வயது மீனவப் பையன், மூன்று ராத்திரி தூங்காமல், தன்னைக் கடல் ஜின் துரத்துகிறது என்று கத்தியை எடுத்துக்கொண்டு சுற்றுவான். காரணம், தாய்லாந்து எல்லையைத் தாண்டி வரும் பில் குடா என்கிற போதை மாத்திரை. விழித்திருந்து வலை இழுக்க நல்லது என்று தொடங்குவார்கள். வீட்டில் உஸ்தாதுக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். புதிதாக வந்த என் உதவியாளன், பட்டர்வொர்த் பையன், படபடப்பான ஆள், "இவர்களிடம் ஜின் இல்லை என்று சொல்லித் தொலையுங்கள் அண்ணே" என்பான். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? முதலில் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார், காய்ச்சல் பார், கழுத்து விறைத்திருக்கிறதா பார், கண்பாவை பார், சிறுநீரைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பு என்பேன். அம்மாக்காரி வாசலில் நின்று கெஞ்சினால் உஸ்தாத் உள்ளே வரலாம். ஊசி போட்டு முடித்த பிறகு ஓதட்டும். தண்ணீரை முகத்தில் தெளிக்கட்டும். டிரிப்பை மட்டும் யாரும் கழற்றக் கூடாது. அதற்கு ஒத்துக்கொள்ளாத உஸ்தாத் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கழற்றப் போனவர்கள் எப்போதும் சொந்தக்காரர்கள்தான்.